காப்புப் பூ பூத்த புறம்போக்கு

மார்கழி கடைசி நாள் சாயங்காலம் எங்க கொங்குப் பக்கம் காப்புக் கட்டுவோம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசல், கட்டுத்தறி, கிணற்று மேடு, தோட்டத்து மூலை என்று ஒவ்வொரு இடத்திலும் செருகி வைப்பது. கோயமுத்தூர், திருப்பூர் டவுனுக்குக் குடி போனவங்களும் இதை விடுவதில்லை. அன்னைக்குக் காலையிலேயே ரோட்டோரத்தில் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிடும், பேரம் பேசி வாங்குவீங்க. அந்தப் பூ எங்கிருந்து வருதுன்னு கேட்டிருக்கீங்களா? எங்க பக்கம் ஆவாரம்பூவை யாரும் பயிர் வைப்பதில்லை. பூளைப்பூவுக்கு யாரும் தண்ணி கட்டுவதில்லை. ரெண்டும் புறம்போக்கில் தானாகப் பூத்தது. பறிக்கிறவங்க இப்போ டெம்போ வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடிப் போகிறார்கள். காரணம், பக்கத்தில் இருந்த புறம்போக்கெல்லாம் காணாமல் போய்விட்டது.

இந்தக் கதையை ஏன் எடுக்கிறேன் என்றால், நகரத்து நண்பர்கள் சிலர் பொதுப் பூங்காவில் வண்டுக்கும் தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்றே ஒரு மூலையை ஒதுக்கி நாட்டுச் செடி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் என் அக்கா மகள் குடியிருக்கும் தெருப் பூங்காவிலும் அப்படி ஒன்று போட்டார்கள், செடிக்கு என்னிடம்தான் வந்தார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி, 50 வருஷத்துக்கு முன்பு இப்படி ஒரு தோட்டம் யாருக்குமே ஏன் தேவைப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பூங்கா என்று நாம இப்போ சொல்கிறது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848-இல் ஆரம்பித்தது. மெக்கைவர் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து அதை உருவாக்கினார். மெட்ராஸில் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒன்று இருந்தது. ட்ரெவெல்யன் கவர்னராக இருந்தபோது, 1859 வாக்கில் தொடங்கியது. நூறு ஏக்கருக்கு மேல். இன்னைக்கு ரிப்பன் கட்டடமும் நேரு ஸ்டேடியமும் நிற்கிற மண் அதுதான். அவங்க ஊரில் பூங்கா என்றால் புல்தரை, நடைபாதை, ஓரத்தில் கலர் பூ. அந்த நாட்டுக் குளிருக்கு அது சரி. அதே படத்தை இங்கே வரைந்தார்கள். நம்ம நகராட்சிகளும் அதையே பிடித்துக்கொண்டன. பேரு மட்டும் தமிழில்.

அந்தப் படத்துக்கு ஏற்ற செடிகளும் கப்பலில் வந்தன. காகிதப்பூ என்கிற போகன்வில்லா பிரேசில் சரக்கு. 1760-களில் போகன்வில் என்கிற பிரெஞ்சுக் கப்பல் தலைவருடன் போன தாவரவியல்காரர் கண்டெடுத்து அவர் பேரையே வைத்தார். அதில் கலராகத் தெரிகிறது பூ இல்லைங்க, இலைதான். பூ உள்ளே வெள்ளையாகப் பொட்டு மாதிரி இருக்கும். உண்ணிச்செடி, அதுதான் லாண்டானா, 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. இப்போது முதுமலை, சத்தியமங்கலம் காடு முழுக்க அதுதான் புதர். யானை தின்கிற புல்லை எல்லாம் அது மூடிவிட்டது. குரோட்டன்ஸ் எப்போதாவது பூத்தாலும் நம்ம வண்டுக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தம் இருக்க வேண்டிய காம்பெல்லாம் இதழாக மாறிவிட்டது. பார்க்கிற கண்ணுக்கு விருந்து, தேடி வருகிற தேனீக்குப் பட்டினி.

பூங்காவுக்கு முன்னாடி நம்மிடம் இருந்தது நந்தவனம். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நந்தவனத்துக்கு விட்ட நிலத்துக்குத் 'திருநந்தவனப்புறம்' என்று பேர் இருக்கிறது. சாமிக்குச் சாத்துகிற பூமாலைக்குத் 'திருப்பள்ளித்தாமம்' என்று பேர். நந்தவனம் வைக்க நிலம், அதில் வேலை செய்கிறவங்களுக்கு நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பூக்கட்டினவர், ஆண்டாள் அந்தத் துளசிச் செடிக்குக் கீழே கிடைத்த பிள்ளை என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. நந்தியாவட்டை, முல்லை, பிச்சி, மகிழம், செண்பகம், புன்னை, கொன்றை, வில்வம், துளசி, தும்பை. அதற்குள் வேற்று நாட்டுச் செடியும் நுழைந்ததுதான். சிவன் கோயில்களில் லிங்கமும் நாகமும் தெரிகிறது என்று கும்பிடுகிறோமே நாகலிங்கப் பூ, அது தென் அமெரிக்க மரம். வந்த விருந்தாளி பூஜை அறைக்குள்ளேயே குடியேறிவிட்டது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. நந்தவனம் வண்டுக்காக வைத்ததில்லை. சிதம்பரத்தில் வியாக்ரபாதர் என்று ஒரு முனிவர் கதை சொல்வாங்க. வண்டு தொடுவதற்கு முன்னாடி பூப்பறித்துச் சாமிக்குப் போடணும், அதுக்கு இருட்டிலேயே மரம் ஏறணும் என்று புலிக்காலும் புலிக்கண்ணும் வரமாக வாங்கினாராம். நம்ம ஆளுங்க பூவை மொட்டிலேயே பறிக்கிற பழக்கம் அவ்வளவு பழசு. அப்படி இருந்தும் நந்தவனத்தில் வண்டு குறையவில்லை. பறித்தது போக மிச்சம் பூத்தது, கைக்கு எட்டாத மரத்தில் பூத்தது, மதில் ஓரத்துக் களையில் பூத்தது. முக்கியமாக, யாரும் மருந்து அடிக்கவில்லை.

எங்க பக்கத்துக் கோயில்களின் தலமரங்களைப் பாருங்க. பவானிக்கு இலந்தை. கொடுமுடிக்கு வன்னி. அவிநாசிக்குப் பாதிரி. எல்லாம் தேனீக்குத் தீனி போடுகிற மரம். சென்னைக்காரங்களுக்குப் புரியும்படி சொன்னால், மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை, புரசைவாக்கத்துக்குப் புரசு. ஊர்ப் பேரிலேயே மரம் இருக்கிறது, மரம் கோயிலுக்குள் ஒன்று மட்டும். உங்க மந்தைவெளியும் ஒரு காலத்தில் மாடு மேய்ந்த பொதுவெளிதான்.

நந்தவனத்தைவிடப் பெரிய தோட்டம் மதிலுக்கு வெளியே இருந்தது. யாரும் அதைத் தோட்டம் என்று சொல்லவில்லை. வரி போடாமல் ஒதுக்கி வைத்த நிலத்துக்கு ரெவின்யூக் கணக்கில் புறம்போக்கு என்று பேர். மேய்ச்சல் நிலம், மந்தை, வண்டிப்பாதை, களம், குளத்துக்கரை, சுடுகாடு. பட்டணத்தில் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டீர்கள். கிராமத்தில் அது ஏழை ஆட்டுக்காரனுடைய காடு, விறகுக்காரியுடைய காடு, வைத்தியருடைய மருந்துக் கடை. ஆவாரை அங்கேதான். 100 வருஷத்துக்கு முந்தி தோல் பதனிடுகிறவங்களுக்கு ஆவாரம்பட்டைதான் உயிர். மெட்ராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போன தோலுக்கெல்லாம் அந்தப் பட்டையில்தான் பதம். அவ்வளவு வெட்டியும் ஆவாரை அழியவில்லை, வேர் இருந்தால் மழைக்குத் துளிர்த்துவிடும்.

கொங்கு நாட்டில் இன்னொன்று உண்டு, இட்டேரி. ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டி போகிற பாதை. காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி போடுவோம். காட்டுக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். கொறங்காடு தனியார் பட்டா நிலம்தான். ஆனால் அந்த வேலியில் யார் வந்து குடியிருக்கணும் என்று பட்டாக்காரன் கேட்டதில்லை. கோவைக்கொடி, பிரண்டை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஏறிக் கிடக்கும். அடியில் ஆடாதோடை, தும்பை, நெருஞ்சி. கறையான் புற்று, காய்ந்த கட்டை, எலி விட்டுப் போன வளை. ஒரு மைல் இட்டேரியில் வருஷம் முழுக்க ஏதோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் வேம்பும் புங்கனும், ஆடிக் காற்றில் நெருஞ்சி, ஐப்பசி மழையில் தும்பையும் கோவையும், மார்கழிப் பனியில் ஆவாரையும் பூளையும். பூச்சிக்கு அது 12 மாச ரேஷன் கடை.

இதனால் விவசாயிக்கு என்ன லாபம்? இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏன்னா டவுனில் காய் கடையில் காய்க்கிறது என்று நினைக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள்.

பூசணி, சுரை, பாகல், பீர்க்கு, புடலை இதுக்கெல்லாம் ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தை யாராவது தூக்கிப் போகணும். போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகிக் கொட்டிவிடும். பூசணி விடியற்காலையில் பூத்துப் பகலுக்குள் மூடிக்கொள்ளும். அதுக்குத் தேனீ. பீர்க்கு சாயங்காலம் பூக்கும். சுரையும் புடலையும் வெள்ளைப் பூ, பொழுது சாய்ந்துதான் விரியும், அதுக்கு ராத்திரியில் வருகிற அந்துப்பூச்சி வேணும். ஆக ஒரே பந்தலுக்கு ரெண்டு ஷிப்ட் ஆள் வேணும். முருங்கைக்குக் கருவண்டு. மூலனூர், அரவக்குறிச்சி முருங்கையெல்லாம் ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீங்க. 'ஙொய்' என்று வருகிற அந்தப் பெரிய கறுப்பு வண்டு காய்ந்த கட்டையைத் துளைத்துத்தான் குடியிருக்கும். காய்ந்த கட்டையை எல்லாம் எரித்துவிட்டால் அது எங்கே போகும்?

கத்தரி, தக்காளிப் பூ இன்னும் வினோதம். மகரந்தம் ஒரு குழாய்க்குள் இருக்கும், நுனியில் சின்னத் துளை. உப்பு டப்பாவைக் குலுக்குகிற மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். காற்று கொஞ்சம் குலுக்கும். நன்றாகக் குலுக்குகிறது சில தேனீதான். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், கிட்டே போனால் அந்தச் சத்தமே வேறு மாதிரி கேட்கும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீ என்று ஒன்று, வயிற்றில் நீல வளையம் போட்டிருக்கும், அதுக்குத் தெரியும். கருவண்டுக்குத் தெரியும். ஆவாரம்பூவும் இதே ஜாதி. தேன் கிடையாது, குலுக்கினால் மகரந்தம் மட்டும். கத்தரித் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஆவாரை இருந்தால் கத்தரி பூக்காத மாசத்திலும் அந்தத் தேனீக்குச் சாப்பாடு இருக்கும். நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை போடும், மண்சுவரிலும் போடும். எங்க பழைய வீட்டு மண்சுவரில் பென்சில் நுழைகிற அளவு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். எங்க ஆத்தா பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடும். "அது பாட்டுக்குப் போயிட்டு வருது, உன்ற சோத்தையா திங்குது" என்று சொல்லும். அப்புறம் ஊரெல்லாம் ஹாலோ பிளாக் வந்தது. சுவரில் ஓட்டை கிடையாது.

தேனீ என்றாலே பெட்டி என்று நகரத்தில் ஒரு எண்ணம். அந்தப் பெட்டிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1911 முதல் 1917 வரை நியூட்டன் என்கிற பாதிரியார் தென்னாட்டில் நம்ம அடுக்குத் தேனீக்குப் பொருத்தமான சின்னப் பெட்டி செய்து நிறையப் பேருக்குப் பயிற்சி கொடுத்தார். இன்னைக்கும் அதுக்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பேர். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் 1850-களில் சட்டம் வைத்த பெட்டி கண்டுபிடித்தார், அதே தத்துவம்தான். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராம முன்னேற்ற மையம் நடத்தினார். அப்போது அது திருவிதாங்கூர். அங்கே தேனீ வளர்ப்பு வேர் பிடித்து, குமரி மாவட்டம் தேனுக்குப் பேர் எடுத்தது. ரப்பர் மரத்தில் புதுத் தளிர் வருகிற தை, மாசியில் இலைக்காம்பில் தேன் சுரக்கும், பூவில் இல்லை. அந்தத் தேன்தான் பெரும்பங்கு.

அப்புறம் 1991, 92-இல் தாய் சாக் புரூட் என்கிற வைரஸ் தென்னிந்தியாவுக்கு வந்தது. 1976-இல் தாய்லாந்தில் கண்ட நோய், அதனால் அந்தப் பேர். புழு நீர் கோத்த பை மாதிரி வீங்கிச் செத்தது. கேரளாவிலும் குமரியிலும் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் காலியாயின. இதை நம்பிப் பிழைத்தவங்க ரப்பர் பால் எடுக்கவும் கூலிக்கும் போனார்கள். அதுக்குப் பிறகுதான் 1960-களில் பஞ்சாப் பக்கம் கொண்டுவந்திருந்த இத்தாலியத் தேனீயைத் தெற்கே பரப்பினார்கள். தப்பிப் பிழைத்த நாட்டுத் தேனீயிலிருந்து குமரியில் பெட்டிகள் மெல்ல மறுபடி பெருகின. இதில் எனக்குப் படுகிறது ஒன்றுதான். ஒரே ஜாதித் தேனீயை நம்பியிருந்தால் ஒரே நோயில் எல்லாம் போகும். அந்த வருஷங்களில் கொசுத்தேனீக்கோ, கருவண்டுக்கோ, மண்ணில் வளை போடுகிற தேனீக்கோ அந்த நோய் வரவில்லை. அதுகளுக்குப் பெட்டி கிடையாது, மானியம் கிடையாது, கணக்கெடுக்க ஆளும் கிடையாது. இருந்த இடம் புறம்போக்கும் வேலியும்தான்.

அந்த இடம் எப்படிப் போச்சு என்பது நீளமான கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். சீமைக்கருவேலம் 1870-களின் கடைசியில் மெட்ராஸ் மாகாணத்தில் விதைத்தது. வறண்ட இடத்துக்கு விறகு வேணும் என்று. கொடுமுடி வன்னிக்கு அது பங்காளி முறை. ஆனால் வன்னி ஒரு மரமாக நிற்கும், இது ஒரு சேனையாக வரும். அதன் பூவிலும் தேனீ மொய்க்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது வந்த இடத்தில் ஆவாரைக்கும் தும்பைக்கும் இடமில்லை. அப்புறம் பருத்திக்கு எண்ட்ரின் அடித்த காலம். என் சின்ன வயசில் கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போவார்கள், மறுநாள் பாத்தியில் எறும்புகூட இருக்காது. அப்புறம் மந்தையில் கட்டடங்கள் வந்தன. பஸ் ஸ்டாப்பும் தண்ணித் தொட்டியும் தேவைதான், நாங்களும் கேட்டதுதான். அப்புறம் இட்டேரி தார் ரோடாகி, ரெண்டு பக்க வேலியையும் பொக்லைன் ஒரே நாளில் வழித்தது. கொறங்காடு சைட்டாகிக் கல்லுக்கால் கம்பிவேலி வந்தது. கம்பி எந்த மாசத்திலும் பூப்பதில்லை. மிச்சம் இருந்த வரப்பில் களைக்கொல்லி.

இப்போது பாகற்பந்தல் போட்டவங்க சிலர் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுத் தொட்டு வைக்கிறார்கள். எங்க ஊரிலேயே நடக்கிறது. பூச்சி சும்மா செய்த வேலைக்கு ஆள் வைத்துக் கூலி.

சரி, அக்கா மகள் பூங்காவுக்கு வருகிறேன். மொத்தமே அரை ஏக்கர். அதில் 8 சென்ட் மூலையைப் பட்டாம்பூச்சித் தோட்டத்துக்கு என்று தெருக்காரங்க ஒதுக்கி வாங்கியிருந்தார்கள். என்னிடம் காட்டின லிஸ்டில் முதல் பேர் மில்க்வீட். அமெரிக்காவில் மொனார்க் பட்டாம்பூச்சிக்காக அதைத்தான் நடுகிறார்களாம். சரியான யோசனைதான், ஊர்தான் தப்பு. மில்க்வீடுக்கு நம்ம ஊர்ப் பங்காளி எருக்கு. மொனார்க்குக்குப் பங்காளியாக எருக்கில் முட்டை வைக்கிற ஆரஞ்சுப் பட்டாம்பூச்சி நம்மிடம் இருக்கிறது. எருக்கம்பூவுக்குக் கருவண்டும் வரும். "எருக்கு இடிஞ்ச வீட்ல மொளைக்கிறதுங்க மாமா, கமிட்டியில ஒத்துக்க மாட்டாங்க" என்றாள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதும் உண்மை, பிள்ளைங்க விளையாடுகிற பக்கம் வேண்டாம். வேலிக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன். விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்டலாம் என்றதும் கமிட்டி ஒத்துக்கொண்டது.

அடுத்தது லாண்டானா. பட்டாம்பூச்சி மொய்க்குமே என்றார்கள். மொய்க்கும், தேன் குடிக்கும். ஆனால் பட்டாம்பூச்சி முட்டை வைக்கிற செடி வேறு, தேன் குடிக்கிற செடி வேறு. தேன் மட்டும் வைப்பது ஓட்டல் நடத்துகிற மாதிரி, குடும்பம் தங்காது. கறிவேப்பிலை, நாரத்தை வைத்தால் கறுப்பு வால் பட்டாம்பூச்சி முட்டை வைக்கும். சரக்கொன்றைக்கும் ஆவாரைக்கும் வெளிர்மஞ்சள் ஜாதி. ஆடுதீண்டாப்பாளைக்குச் சிவப்பு உடம்புக்காரி. கிலுகிலுப்பை ஒரு வரிசை போட்டால் எருக்குப் பட்டாம்பூச்சியின் ஆண்கள் காய்ந்த செடியை வந்து சுரண்டும், அதில் இருக்கிற கசப்பு அதுகளுக்குத் தேவை. இதையெல்லாம் சொன்னபோது ஒரு ரிட்டயர்ட் ஐயா கேட்டார், "அப்ப இலையெல்லாம் புழு தின்னுடுமே?" தின்னும்ங்க. தின்னத்தான் வைக்கிறோம். அதை ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆச்சு. நடுவில் ஒரு தடவை மருந்தும் அடித்துவிட்டார்கள், மறுபடி ஆரம்பத்திலிருந்து.

பெரிய சண்டை தும்பைக்குத்தான் வந்தது. பூங்காவைப் பராமரிக்கிற ஒப்பந்தக்காரருடைய ஆள் மிஷின் வைத்து மாசாமாசம் வழித்துவிடுவார். அவர் மேல் கோபப்பட முடியாது, சுத்தமாக இருக்கா என்று பார்த்துத்தான் பில் பாஸாகும். தும்பையும் பூளையும் சுத்தத்துக்கு எதிரி. கடைசியில் மூலையைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணாலேயே ஒரு குட்டைச் சுவர் வைத்தோம். பிள்ளைங்க மிதித்துக் குழைத்த மண், மேலே மட்டும் ஒரு வரி ஓடு. அதற்கு உள்ளே மிஷின் வரக்கூடாது என்று போர்டு. ஒரு செத்த முருங்கைக் கட்டையைக் குறுக்கே போட்டோம். மூணாவது வருஷம் அந்தச் சுவரில் பென்சில் ஓட்டைகள். அக்கா மகள் போனில் போட்டோ அனுப்பினாள், பூச்சி அரித்துவிட்டது என்று. பெரிதாக்கிப் பார்த்தேன், நீல வளையம் தெரிந்தது.

பெரிய அளவில் இப்படி நடந்திருக்கிறது என்பதையும் சொல்லணும். சென்னையில் அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த சுமார் 58 ஏக்கரைத் திருத்தி, அந்தக் கடற்கரை மண்ணுக்கே உரிய மரம் செடிகளை நட்டு, தொல்காப்பியப் பூங்கா என்று 2011-இல் திறந்தார்கள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் 2015-இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா வந்தது. அதெல்லாம் அரசாங்கம் கோடிகளில் செய்கிற வேலை. 8 சென்ட் அப்படி இல்லை, தெருக்காரங்க நினைத்தால் வைக்கலாம், தெருக்காரங்க நினைத்தால் எடுத்துவிடலாம். இப்போது அதுதான் நடக்கப் போகிறது. எங்கேயோ ஒரு அபார்ட்மென்ட்டில் மலைத்தேனீ கொட்டிய வீடியோ குரூப்பில் சுற்றியிருக்கிறது. மலைத்தேனீ உயரமான கட்டடம், தண்ணித் தொட்டி பார்த்துத்தான் அடை கட்டும், முழங்கால் உயர மண்சுவருக்கு வராது. நீலப்பட்டைத் தேனீ கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். ஆனால் பயத்துக்குப் பதில் சொல்வது சிரமம். மூலையை எடுத்துவிட்டுச் செல்ஃபி பாயின்ட் வைக்கலாம், செயற்கைப் புல் போடலாம் என்று பாதிப்பேர். வருகிற கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள்.

அந்தப் பூங்காத் தேனீ எனக்கு ஒரு கத்தரிக்காய்கூடக் காய்க்க வைக்கப் போவதில்லை. தேனீ ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் போகும், சின்ன ஜாதியெல்லாம் அதுகூடப் போகாது. என் தோட்டம் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் போன மார்கழியில் நான் அங்கே போய்ப் பூளை விதை ஒரு பை உருவிக்கொண்டு வந்தேன். எங்க ஊரில் விதைக்கு எடுக்கிற அளவு செடி இல்லை. கிணற்று மேட்டிலும் வடக்கு வேலியிலும் தூவினது இந்த மழைக்கு முளைத்திருக்கிறது.

அக்கா மகள் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்கிறாள். குடியிருக்கிறவங்களுக்குத்தான் ஓட்டு, எனக்கு இல்லை. போய் ஓரத்தில் உட்காரலாம் என்று இருக்கிறேன். போகும்போது கிளுவைப் போத்து ஒரு கட்டு எடுத்துப் போகிறேன். மண்சுவருக்கு வெளியே ஒரு வரிசை நட்டால் மிஷின்காரருக்கும் எல்லை தெரியும். கட்டைவிரல் கனத்தில் வெட்டின போத்து, மழைக்கு முந்தி ஊன்றினால் போதும், பிடித்துக்கொள்ளும். உங்க தெருப் பூங்காவுக்கும் வேணும் என்றால் ஆனி முடிவதற்குள் சொல்லுங்க, அப்போதுதான் எங்க வேலி கவாத்துப் பண்ணுவோம். காசு வேண்டாம், வண்டிச் செலவு மட்டும் உங்களுடையது.